பாகை மாறாமல்

பிளசென்ஷியா வளைகுடாவில்
ஜூன் மாதத்துக்குக் கண் கிடையாது.
எட்டடி தள்ளி நிற்கும் என் கொழுந்தன் ஆம்புரோஸ்
ஒரு மஞ்சள் கறை.
கறை கூட்டைத் தூக்குகிறது, நண்டை உதறுகிறது,
பெட்டை நண்டைத் திரும்பக் கடலில் போடுகிறது,
இருமுகிறது.

முதல் சங்கு அப்போதுதான்.

நீளமாக ஒன்று. ஆலை விடும் நேரத்துச் சங்கு மாதிரி,
ஆனால் இங்கே ஆலையும் இல்லை
வேலை விட்டு வீடு போகிறவரும் இல்லை.
எஞ்சினை அணைத்தேன்.
மூடுபனியில் காதை நம்பாதே என்பார்கள்:
கிழக்கில் ஊதினால் மேற்கில் கேட்கும்,
சில சமயம் தலைக்கு மேல்.
ஆம்புரோஸ் இடப்பக்கம் கை காட்டினான்.
நான் வலப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ரேடாரின் கண்ணாடி மேல்
மெழுகுப் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தேன்.
இரண்டு நிமிடம். சங்கு. இன்னொரு புள்ளி.
இரண்டு நிமிடம். சங்கு.
மூன்றும் ஒரே கோட்டில் விழுந்தன.
கோட்டின் கடைசிப் புள்ளியை வைக்கவில்லை.
அது நாங்கள்.

விலகிப் போவது எதுவானாலும்
கொஞ்சமாவது திசை மாறும்.
திசை மாறாமல் நெருங்கிக்கொண்டே வருவதுதான்
நமக்கென்று வருவது.

வெயில் நாளில் சட்டம் பேசும்:
நீ ஒதுங்கு, அவன் போகட்டும்.
மூடுபனியில் அது கையை விரித்துவிடுகிறது.
வழி யாருக்கும் சொந்தமில்லை,
இருவருமே ஒதுங்க வேண்டியவர்கள்.
ஆபத்தும் அதில்தான். போன வாரம்
மளிகைக் கடையின் குறுகல் சந்தில்
டெல்ஃபின் ஹெப்டிச்சும் நானும்
தள்ளுவண்டிகளோடு எதிர்ப்பட்டு,
அவள் ஒதுங்கிய பக்கமே நான் ஒதுங்க,
நான் விலகிய பக்கமே அவள் விலக,
கடைசியில் முட்டை அட்டை விழுந்தது.
சிரித்தோம். உடைந்த இரண்டுக்கு அவள்தான் காசு கொடுத்தாள்.

வானொலியை எடுத்தேன்.
"எண்ணெய் ஏற்றித் தெற்கே போகும் கப்பலுக்கு.
உன் மூக்குக்கு நேரே ஒரு படகு இருக்கிறது.
முப்பத்தைந்து அடி. இரண்டு பேர்."
இரைச்சல்.
பிறகு ஒரு குரல், மீசை முளைக்காத குரல்,
எந்த ஊர்க்காரனோ:
"மேடம், மழைக்கீறல் என்று நினைத்தேன்.
இப்போது தெரிகிறது. வலப்பக்கம் திரும்புகிறேன்."
பேசியது அந்தக் கப்பல்தானா,
வளைகுடாவில் வேறெங்கோ
வேறொரு படகுக்குப் பதில் சொல்லும் வேறொரு கப்பலா?
குரலுக்கு முகவரி இல்லை.

"கயிற்றை வெட்டு" என்றேன்.
நாற்பத்தொன்றாவது கூடு பாதித் தண்ணீரில் இருந்தது.
ஆம்புரோஸ் என்னைப் பார்த்தான்.
கூட்டின் விலை அவனுக்குத் தெரியும். வெட்டினான்.
சுக்கானை வலப்பக்கம், முழுக்க,
பயந்து பயந்து கொஞ்சம் கொஞ்சமாக அல்ல,
அந்தப் பையனின் திரையில்
நான் திரும்புவது சந்தேகமில்லாமல் தெரியும்படி.

அதன்பின் எதையும் பார்க்கவில்லை.
முதலில் வாசனை வந்தது:
யாரோ வெங்காயம் வதக்குகிறார்கள்,
எங்களுக்கு மேலே ஆறு மாடி உயரத்தில்.
பிறகு ஓர் அதிர்வு. காதில் அல்ல, பல்லில்.
மூடுபனியின் ஒரு பகுதி மட்டும்
மற்றதைவிடக் கொஞ்சம் கறுத்து,
நெடுநேரம் கறுப்பாகவே இருந்து,
வெளுத்தது.
பின்னாலிருந்து மூன்று அலை.
பெட்டிக்குள் நண்டுகள் ஒரு பக்கம் சரிந்தன,
மறுபக்கம் சரிந்தன.

அடுத்த சங்கு எங்கள் முதுகுக்குப் பின்னால்.
அதற்கடுத்தது இன்னும் தள்ளி.
திசை மாறியிருந்தது.

கம்பத்தில் என் பிஸ்கட் தட்டுகள் இரண்டு
குறுக்கும் நெடுக்குமாகத் தொங்குகின்றன.
ரேடாருக்குத் தெரியட்டும் என்று
ஆம்புரோஸ் ஏப்ரலில் கட்டியது.
கேட்காமல் எடுத்ததற்குத் திட்டியிருந்தேன்.
கடைசியில் அந்தப் பையன் கண்ணில் பட்டது
இந்தத் தகரமா, என் குரலைக் கேட்டபின்
தேடிக் கண்டுபிடித்த ஏதோவா,
தெரியாது. கேட்க முடிந்தால்
இன்னொன்றும் கேட்பேன்: அன்றைக்கு என்ன சமையல்?

கரைக்கு வந்ததும் ஆம்புரோஸ்
நாற்பது கூடு என்று நோட்டில் எழுதினான்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
தட்டுகளையும் அவிழ்க்கவில்லை.
ஞாயிற்றுக்கிழமை பிஸ்கட்டை
வாணலியில் சுட்டேன்.
அடியில் கருகியது.